எல்லை ஊர்களில் ஓட்டமும் வரைபடமும்: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வாரம்

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கும், எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் கொஞ்ச நாளாகக் காலையில் ஓடுகிறீர்கள். 5 கிலோமீட்டர் நிற்காமல் வந்துவிடுகிறது. ஆனால் அதே தார்ச்சாலை, அதே பால் சொசைட்டி, அதே திருப்பம் என்று சலிப்பும் தட்டிவிட்டது. அடுத்து என்ன என்று கேட்டால் எல்லோரும் ‘10 கிலோமீட்டர் போ, அப்புறம் ஹாஃப் மாரத்தான் போ’ என்பார்கள். தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. கையில் ஒரு வரைபடத்தையும் காம்பஸையும் எடுத்துக்கொண்டு ஓடுவது. அதற்குப் பெயர் ஓரியன்டியரிங்.

ஆட்டம் எளிமையானது. மேப்பில் ஒரு முக்கோணம், அதுதான் தொடக்கம். சில வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு ‘கண்ட்ரோல்’. ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை வட்டம், அது முடிவு. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எல்லா வட்டத்தின் மையத்தையும் தொட்டுவிட்டு முடிவுக்கு வர வேண்டும். எந்த வழியில் போவது என்பது உங்கள் பாடு. ஸ்காண்டிநேவிய நாட்டு ராணுவப் பயிற்சியாகப் பிறந்தது, 1897இல் நார்வேயின் ஓஸ்லோ அருகே பொதுமக்களுக்கான போட்டியாக நடந்தது. 1961இல் சர்வதேசக் கூட்டமைப்பு அமைந்தது. அங்கே காட்டுக்குள் ஓடுகிறார்கள். நாம் காட்டுக்குள் போகப்போவதில்லை.

இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம், நெல்லியாம்பதி அடிவாரம், வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கத்து வனம் எல்லாம் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாத இடங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வாளையாறு வழித்தடத்தில் யானைகள் ரயில் பாதையையே கடக்கின்றன. விடியற்காலையில் தனியாக ஓடுகிற ஒருவர் யானைக்கு எதிரில் போய் நிற்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. நமக்குக் கிராமம் போதும். பனந்தோப்பு, தென்னந்தோப்பு, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை, கோழிப்பண்ணை, மோட்டார் ரூம், கோயில் திடல் என்று மேப்பில் குறிக்கத் தகுந்த விஷயங்கள் காட்டைவிட இங்கே அதிகம்.

நம் நிலத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாய் இது. கொழிஞ்சாம்பாறையில் நின்று பார்த்தால், மேகம் இல்லாத நாளில் தெற்கே நெல்லியாம்பதி, ஆனைமலை மலைத்தொடர் மதில்போல் நிற்கும். எவ்வளவு குழம்பினாலும் தெற்கு எது என்பது மட்டும் தொலைந்துபோகாது. புதியவருக்கு இதைவிட நல்ல மைதானம் கிடைக்காது என்பது என் எண்ணம். குறை என்று பார்த்தால் மேடு பள்ளம் இல்லாதது ஒன்றுதான். சமவுயரக் கோடுகளைப் படிக்கும் வித்தை இங்கே அவ்வளவாகக் கைவராது. அது பிறகு வரட்டும்.

முதல் வேலை: சாமான்கள்

ஷூ உங்களிடம் இருப்பதே போதும், அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். பாலக்காட்டுச் சித்தூரின் கிழக்கில் கரிசல் மண் உள்ள இடங்கள் உண்டு. மழைக்கு மறுநாள் அதில் கால் வைத்தால் ஒவ்வொரு ஷூவிலும் அரைக் கிலோ மண் ஒட்டிக்கொள்ளும். அந்த நாளில் தார்ச்சாலை மேப் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. முழங்கால் வரை மறைக்கும் சாக்ஸ் அல்லது மெல்லிய டிராக் பேன்ட் அவசியம். தொட்டாச்சிணுங்கியும் நெருஞ்சியும் யாரையும் விடாது.

ஒரு விசில், போன், சின்ன பாட்டிலில் தண்ணீர் இருக்கட்டும். போன் மேப் பார்க்க அல்ல, அவசரத்துக்கு. பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.

காம்பஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டின் மேல் சுழலும் வளையம் வைத்த ‘பேஸ்பிளேட்’ வகையை வாங்குங்கள். வாங்கும்போது அது எந்த மண்டலத்துக்குச் சமன் செய்யப்பட்டது என்று பாருங்கள். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடிக்கு அருகே போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். ஐரோப்பாவில் காந்தப்புலம் முள்ளின் வடமுனையைத் தரையை நோக்கி இழுக்கும். அதைச் சமன் செய்யத் தென்முனையில் எடை சேர்த்திருப்பார்கள். அந்த முள் இங்கே வந்தால் தென்முனை தொங்கி, தட்டில் உரசி நின்றுவிடும். கிட்டத்தட்ட வடக்கைக் காட்டும், ஆனால் சரியாகக் காட்டாது. உலகம் முழுவதற்குமான முள் உள்ள காம்பஸ் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் தட்டைக் கொஞ்சம் சாய்த்து, முள் தடையில்லாமல் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் நம் பக்கம் மிகச் சிறியது. வெளிநாட்டுக் கையேடுகளில் அதற்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டிருப்பார்கள். நீங்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம். பம்ப்செட், டிரான்ஸ்பார்மர், நிறுத்திவைத்த பைக் இவற்றின் பக்கத்தில் நின்று காம்பஸைப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை: மேப்

நம் ஊருக்கு யாரும் ஓரியன்டியரிங் மேப் போட்டு வைத்திருக்கப்போவதில்லை. நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘ஓப்பன் ஓரியன்டியரிங் மேப்’ என்று ஒரு இணையதளம் இருக்கிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தரவை எடுத்து, ஓரியன்டியரிங் பாணியில் இலவசமாக பிடிஎஃப் ஆக்கித் தரும். ஏ4 அளவு, 1:10,000 அளவுகோல், தெரு ஓட்டப் பாணி என்று தேர்ந்தெடுங்கள். 1:10,000 என்றால் மேப்பில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 100 மீட்டர். கணக்குப் போட வசதி. அதிலேயே கிளிக் செய்து கண்ட்ரோல் வட்டங்களையும் வைக்கலாம்.

இரண்டு இடத்தில் சொதப்பும். ஒன்று, கிராமத்து வண்டிப்பாதைகள் பாதிதான் அதில் இருக்கும். புதிதாகப் போட்ட கான்கிரீட் சாலை இருக்காது, காணாமல் போன ஒத்தையடிப் பாதை இருக்கும். ஒரு மாலை சைக்கிளில் போய்ச் சுற்றிப் பார்த்து, பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் திருத்தங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலேயே ஏற்றிவிடுங்கள், அடுத்தவருக்கும் உதவும். இரண்டாவது, பிரின்ட். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் பழக்கத்தில் ‘ஃபிட் டு பேஜ்’ போட்டுவிடுவார்கள். மேப் சில மில்லிமீட்டர் சுருங்கும், அளவுகோல் பொய்யாகிவிடும். ‘ஆக்சுவல் சைஸ், 100 சதவீதம்’ என்று கேட்டு வாங்கி, அங்கேயே ஸ்கேலை வைத்து மேப்பின் அளவுகோட்டைச் சரிபாருங்கள். கலர் பிரின்ட்தான் வேண்டும். அப்புறம் ஒரு ஃபைல் கவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கவர் இல்லாத மேப், வேர்த்த கையில் கால்மணி நேரம்கூடத் தாங்காது.

நிறங்கள் நாம் பள்ளியில் படித்த மேப்பிலிருந்து மாறுபடும். முறையான ஓரியன்டியரிங் மேப்பில் வெள்ளை என்பது ஓடக்கூடிய மரக்கூட்டம், மஞ்சள் என்பது திறந்தவெளி. பச்சை அடர்ந்துகொண்டே போனால் புதர் அடர்ந்துகொண்டே போகிறது என்று பொருள். நீலம் தண்ணீர், பழுப்பு நிலத்தின் ஏற்றத்தாழ்வு, கறுப்பு பாறை, சாலை, கட்டடம். இளஞ்சிவப்பு கலந்த ஊதா நம் பாதைக்கானது. ஆலிவ் பச்சை என்றால் நுழையக்கூடாத இடம், வீட்டு வளாகம் மாதிரி. நாம் அச்சிடும் எளிய மேப்பில் இத்தனையும் வராது. ஆனால் ஆலிவ் பச்சையை மட்டும் நீங்களே ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிக்கொள்ளுங்கள்: வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல், வேலி போட்ட மாந்தோப்பு. முதலமடைப் பக்கம் என்றால் மாம்பழ சீசனில் தோப்புக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம். காவலுக்கு இருப்பவர் உங்கள் கையில் இருப்பது மேப்பா பையா என்று தூரத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வாரம்

பயிற்சி அட்டவணை என்றதும் ஏழு நாளும் நிரப்பத் தோன்றும். வேண்டாம். நான்கு நாள் ஓட்டம், ஒரு நாள் தசைப் பயிற்சி, மீதி ஓய்வு. மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாரத்தின் நடுப்புள்ளி ஞாயிறு, மற்ற நாளெல்லாம் அதற்கான தயாரிப்புதான்.

திங்கள் ஓய்வு. நடந்து போய்க் காய்கறி வாங்கி வந்தால் போதும்.

செவ்வாய் 5 கிலோமீட்டர், மெதுவாக. பக்கத்தில் ஒருவர் ஓடினால் அவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். தனியாக ஓடினால் ஒரு திருக்குறளைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீருக்குள் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தெரிந்த சாலையில்தான் ஓட்டம், ஆனால் கையில் மேப் இருக்க வேண்டும். திருப்பத்துக்குத் திருப்பம் மேப்பைச் சுழற்றுங்கள். நீங்கள் பார்க்கும் திசை எப்போதும் மேப்பின் மேல்பக்கமாக இருக்க வேண்டும். எழுத்து தலைகீழாக வந்தால் வரட்டும். அப்புறம் கட்டைவிரல். நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேப்பில் கட்டைவிரலை வைத்து, ஓட ஓட நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இது ஒன்று பழகிவிட்டால் பாதி ஓரியன்டியரிங் வந்துவிட்டது. தெரிந்த சாலையில் இதைச் செய்வது அசட்டுத்தனமாகத் தோன்றும். டீக்கடையில் இருப்பவர்கள் ‘இவருக்கு வழி தெரியாதாக்கும்’ என்று கூப்பிட்டு வழி சொல்லவும் செய்வார்கள். கேட்டுக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு ஓடுங்கள்.

புதன் வீட்டிலேயே இருபது நிமிடம். வரப்பில் ஓடினால் கணுக்காலுக்குத்தான் முதல் அடி. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் நின்றபடி பல் துலக்குவது, உட்கார்ந்து எழுவது, படியேறி இறங்குவது. இதற்கு மேல் இந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்தால் சரி.

வியாழன் வேகம். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு, சாலையோர மின்கம்பங்களைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கம்பம் வேகம், மூன்று கம்பம் மெதுவாக. எட்டு முறை போதும். ஒவ்வொரு வேகப் பகுதியும் முடிந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே மேப்பைப் பார்த்து அடுத்து வரும் மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: இடதுபக்கம் கோயில், பிறகு வாய்க்கால் பாலம், பிறகு வலது திருப்பம். மூச்சு இரைக்கும்போது மூளை மந்தமாகும். அதனால்தான் கால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மேப்பைப் படிக்கும் வேகத்தைத் தாண்டி ஓடுவதில் பயனில்லை. இரண்டையும் சேர்த்து வளர்ப்பதுதான் இந்த வியாழக்கிழமையின் வேலை.

இந்த நாளில் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும். கார்த்திகையில் திசை மாறிக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கும், விருச்சிகக் காற்று என்று கேரளத்தில் சொல்வது அதைத்தான். எந்த மாதமானாலும், போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாற்றிச் செய்தால் களைத்த பிறகு காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வெள்ளி அரைமணி நேரம் மெதுவான ஓட்டம், வாய்க்கால் கரை கிடைத்தால் நல்லது. மூலத்தறையிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் கரையில் பல இடங்களில் வண்டிப்பாதை உண்டு. இன்றைக்கு அடி எண்ண வேண்டும். 100 மீட்டருக்கு உங்கள் வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது? சில சாலைகளில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டர் கற்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஓடி எண்ணிப் பாதியாக்குங்கள். சாதாரணமாக நடந்தால் 60க்கு மேல் வரும், மெதுவாக ஓடினால் 40 சுற்றி வரும். வரப்பில் ஓடினால் கூடும். இந்த எண்ணை மேப்பின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சனி ஓய்வு. மாலையில் மேசையில் உட்கார்ந்து நாளைய மேப்பைத் தயார் செய்யுங்கள்.

ஞாயிறு

முதல் முறைக்கு ஆறு முதல் எட்டு கண்ட்ரோல், நேர்கோட்டில் அளந்தால் 3 கிலோமீட்டர். ஓடி முடிக்கும்போது 4 கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருக்கும். உங்களுக்காகப் பாதை போடுவது உங்கள் நண்பராக இருந்தால் இன்னும் நல்லது. கொடியெல்லாம் கட்ட வேண்டியதில்லை. போட்டிகளில் ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சின்னக் கொடி தொங்கும். நமக்கு அதற்குப் பதில் கேள்விகள் போதும். கண்ட்ரோல் வைத்த இடத்தில் மின்கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண் என்ன? மதகில் எத்தனை ஷட்டர்? கோயில் மண்டபத்துக்கு எத்தனை தூண்? பதிலைப் பென்சிலில் எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். ‘மேப் ரன்’ என்ற செயலியும் இருக்கிறது. போன் பையில் இருக்கும்போதே ஜிபிஎஸ் மூலம் இடத்தைத் தொட்டதும் சத்தம் கொடுக்கும். முதல் சில வாரங்களுக்கு எனக்கென்னவோ பென்சில்தான் பிடித்திருக்கிறது. நின்று எழுதும் அந்தப் பத்து நொடியில் அடுத்த வழியை யோசிக்க நேரம் கிடைக்கும்.

இரண்டு கண்ட்ரோலுக்கு இடைப்பட்ட ஒரே ஒரு துண்டை எடுத்து எப்படி யோசிப்பது என்று பார்ப்போம். மூன்றாவது கண்ட்ரோல் கோயில் திடலின் மூலையில். நான்காவது வடமேற்கே 400 மீட்டரில், வாய்க்கால் மேல் உள்ள நடைபாலம். நடுவில் பனந்தோப்பும் அறுவடை முடிந்த வயலும். நேராகப் போனால் வரப்பு வரப்பாகத் தாண்ட வேண்டும், வேகம் கிலோமீட்டருக்கு 11 நிமிடம் என்று வைப்போம். 400 மீட்டருக்கு சுமார் நாலரை நிமிடம். சாலை வழியாக வளைந்து போனால் 600 மீட்டர், ஆனால் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகம். அதாவது நான்கு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. தூரம் அதிகம், ஆனாலும் சாலைதான் ஜெயிக்கிறது. சாலையில் போகும்போது மேப் பார்க்கவும் முடிகிறது, அது இன்னொரு லாபம்.

சரி, சாலை இல்லை, நேராகத்தான் போக வேண்டும் என்றால்? காம்பஸ் தட்டின் விளிம்பைக் கோயில் மூலையிலிருந்து பாலத்துக்கு வைக்கிறீர்கள். வளையத்தைச் சுழற்றி அதன் உள்கோடுகளை மேப்பின் வடக்குக் கோடுகளோடு இணையாக்குகிறீர்கள், வளையத்தின் வடக்கு மேப்பின் வடக்கைப் பார்த்து இருக்க வேண்டும். பிறகு மேப்பை விட்டுவிட்டு, காம்பஸை மார்புக்கு முன்னால் பிடித்து, சிவப்பு முள் வளையத்தின் அம்புக்குள் வரும்வரை உடம்பையே சுழற்றுகிறீர்கள். தட்டின் நுனி காட்டும் திசைதான் உங்கள் திசை. அந்தத் திசையில் தூரத்தில் ஒரு தனிப் பனையைக் குறித்துக்கொண்டு, காம்பஸைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பனைக்கு ஓடுங்கள். அங்கே போய் அடுத்த மரம். தலையில்லாத பனை, இரட்டைப் பனை, கொடி சுற்றிய பனை என்று வேறுபாடு உள்ள மரமாகப் பாருங்கள். தோப்பில் சும்மா ‘அந்தப் பனை’ என்று குறித்தால் பத்தடி நகர்ந்ததும் எல்லாப் பனையும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு நுணுக்கம். நேராகப் பாலத்துக்கே குறிவைத்தால், வாய்க்காலை அடைந்ததும் பாலம் தெரியாவிட்டால் இடதா வலதா என்று திணற வேண்டியிருக்கும். அதனால் வேண்டுமென்றே 40, 50 மீட்டர் இடதுபுறமாகக் குறிவையுங்கள். வாய்க்கால் வந்ததும் யோசிக்காமல் வலது பக்கம் திரும்பலாம். பாலம் அங்கேதான் இருக்கும். வாய்க்கால் உங்களைத் தாண்டிப் போகவிடாமல் பிடித்து நிறுத்தும் கோடு. ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி ஒரு பிடித்து நிறுத்தும் கோட்டைத் தேடி வைத்துக்கொண்ட பிறகே கிளம்புங்கள். அதோடு கண்ட்ரோலுக்குச் சற்று முன்னால், கண்ணில் படாமல் போக முடியாத ஒரு பெரிய அடையாளமும் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர், அரிசி ஆலை மாதிரி. அதுவரை வேகமாக ஓடலாம். அங்கிருந்து கண்ட்ரோல் வரை வேகத்தைக் குறைத்து, கட்டைவிரலோடு, அடி எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

வழி தவறினால் நில்லுங்கள். ஓடிக்கொண்டே வழி தேடுவதுதான் எல்லோரும் செய்வது, அதில் இன்னும் தூரமாகத்தான் போவார்கள். மேப்பைத் தெற்கு மலையைப் பார்த்துத் திருப்பிச் சரியாக வையுங்கள். கடைசியாகச் சந்தேகமில்லாமல் தெரிந்த இடம் எது? அங்கிருந்து எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் ஓடினீர்கள்? சுற்றிலும் என்ன தெரிகிறது, அது மேப்பில் எங்கே இருக்கிறது? இரண்டு நிமிடத்தில் விடை வராவிட்டால் வந்த வழியே அந்தத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடம் ஆனதும், எத்தனை கண்ட்ரோல் பாக்கி இருந்தாலும் முடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அந்த நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கவனம் வைக்க வேண்டியவை

மின்வேலி. காட்டுப்பன்றிக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றிக் கம்பி இழுத்திருப்பார்கள். சோலார் வேலி உதறித்தள்ளும், சட்டவிரோதமாக நேர் மின்சாரம் கொடுத்த கம்பி ஆளைக் கொன்றுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தக் கம்பியையும் தாண்டவும் வேண்டாம், தொடவும் வேண்டாம், அணைந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி.

கிணறு. தரைமட்டத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் வயல் நடுவே உண்டு, புல் மூடிக்கிடக்கும். சைக்கிளில் சுற்றும்போதே அவற்றை மேப்பில் சிவப்பில் குறித்துவிடுங்கள். வெளிச்சம் நன்றாக வந்த பிறகே வயலில் இறங்க வேண்டும். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறே முக்கால் ஆகும், ஜூனில் ஆறு மணிக்கே வந்துவிடும். ஞாயிறு தொடக்க நேரத்தை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

தோப்பில் காலையில் கள் இறக்குபவர்கள் மரத்தில் இருப்பார்கள். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் நிறையக் கள் போகிறது, அதனால் காலை நேரம் தோப்பு பரபரப்பாக இருக்கும். மரத்தடியில் நிற்காதீர்கள், மேலே இருப்பவருக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். காற்று மாதங்களில் காய்ந்த மட்டையும் தேங்காயும் விழும், அப்போது தோப்புக்குள் கண்ட்ரோலே வைக்க வேண்டாம்.

நிலத்துக்காரரைப் பார்த்தால் ஓடிக் கடக்காமல் நின்று பேசுங்கள். ‘அண்ணா, இந்த வரப்பு வழியா வாய்க்காலுக்குப் போயிக்கலாங்களா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘போங்க’ என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ‘எங்கோட்டா?’ (எங்கே போகிறீர்கள்?) என்று கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லலாம், புரிந்துகொள்வார்கள். கையில் மேப்பும் காம்பஸும் வைத்துக்கொண்டு வயலைச் சுற்றினால் நிலம் அளக்க வந்தவர் என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு. ‘ஓட்டப் பயிற்சிங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாய்க்கு மட்டும் விளக்கம் சொல்ல முடியாது. ஓட்டத்தை நிறுத்தி, கண்ணை நேராகப் பார்க்காமல், மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள்.

மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் 40 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் ஞாயிறு ஓட்டம் எட்டு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும், வியாழன் வேகப் பயிற்சியை எட்டு முறையிலிருந்து ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம். ஓஆர்எஸ் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைப்பது நல்லதல்ல. ஓட்டம் முடிந்த பிறகு உப்புப் போட்ட மோரோ, சம்பாரம் என்கிற கேரளத்து மசாலா மோரோ போதும். தலைசுற்றல், குளிர்வது போன்ற உணர்வு, குழப்பம் வந்தால் நிழலில் உட்கார்ந்து, உடம்பை நனைத்து, ஆளைக் கூப்பிடுங்கள். ஏப்ரல், மே மாலைகளிலும் ஐப்பசி மழைக்காலத்திலும் இடி இடித்தால் தனிப் பனைக்கு அடியில் ஒதுங்கக் கூடாது.

ஓடி முடித்த பிறகு

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, வாட்ச்சில் பதிவான பாதையைத் திறப்பதற்கு முன், நீங்கள் ஓடியதாக நினைக்கும் பாதையை மேப்பில் சிவப்பு பேனாவால் வரையுங்கள். எங்கே நின்றீர்கள், எங்கே சந்தேகம் வந்தது என்று சின்னச் சின்னதாகக் குறியுங்கள். பிறகு வாட்ச் பாதையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் விலகும் இடம் எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் கண்ட்ரோலுக்கு முந்தைய கடைசி 100 மீட்டரில்தான் இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் அதுதான்.

இப்படி நான்கு ஞாயிறு ஆன பிறகு, நேர்கோட்டுத் தூரத்தை 4 கிலோமீட்டராக்குங்கள். அல்லது தூரத்தை அப்படியே வைத்து, மேப்பிலிருந்து சாலைகளில் பாதியை வெள்ளை மையால் அழித்துவிட்டு ஓடிப்பாருங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். நண்பர்கள் இருவர் சேர்ந்தால் ஒருவருக்கொருவர் பாதை போட்டுக் கொடுக்கலாம். அவருக்குப் பழக்கமில்லாத ஊரின் மேப்பை நீங்கள் எடுங்கள், உங்களுக்குத் தெரியாத ஊரை அவர் எடுக்கட்டும். ஒரு வாரம் நாட்டுக்கல், ஒரு வாரம் கோவிந்தாபுரம். பஸ் ஏறிப் போய் இறங்கிய பிறகுதான் மேப்பை மடிப்புப் பிரித்துப் பார்க்க வேண்டும், அதுவரை கவருக்குள்ளேயே இருக்கட்டும்.